வைத்தியச் செலவை யார் சுமப்பது?



போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் கோவில் வராந்தாவில் இருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்க நேர்ந்தது. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு வைத்துத் தொழில் செய்கிறவர்.

"எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் இலவசம் என்று சர்க்கார் ஆரம்பித்துவிட்டால், கடைசியில் ஒருவருக்கும் நல்ல வைத்தியம் கிடைக்காது, தம்பி. காசு கொடுக்கிற இடத்தில்தான் கவனிப்பு இருக்கும்" என்றார் ஆசிரியர்.

"காசு இருக்கிறவங்களுக்கு அது சரி, சார். எங்களுக்குக் கவனிப்பு அப்புறம். முதலில் கதவு திறக்கணும்" என்றார் படகுக்காரர்.

இருவரும் சிரித்தபடியே பிரிந்து போனார்கள். ஆனால் அவர்கள் பேச்சு என்னை விடவில்லை. ஏனெனில் உலகமெங்கும் பெரிய சபைகளில், பெரிய படிப்பாளிகள், பல ஆண்டுகளாக வாதாடிவருவதும் இதே கேள்வியைத்தான். நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் வைத்தியம் கிடைக்கச் செய்வது பொதுவின் கடமையா? அப்படியானால் செலவை யார் கொடுப்பது? செலவைக் குறைத்தால் தரம் குறையாதா? இக்கேள்விகளை நாம் நம் ஊரிலிருந்தே ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரே சாலை, பலவித நோயாளிகள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாய் மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உங்களோடு வருகிறவர்களைச் சற்று கவனியுங்கள். மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் சம்பளம் உரிய வரம்புக்குள் இருந்தால் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. 1948-இல் சட்டமாகி, 1952-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையில் வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். அவருக்கென்று அங்கேயே தனி ஆஸ்பத்திரி உண்டு. குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மாள் ஒருத்தி இருப்பாள். அவளிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கலாம்.

அடுத்த இருக்கையில் மாமல்லபுரத்துக் கல்தச்சர் ஒருவர். நாள் முழுதும் மெஷினால் கல்லை அறுத்து, அந்தத் தூசியைச் சுவாசித்து, நாற்பது வயதிலேயே இருமுகிறவர். நாலு பேர் வேலை செய்யும் பட்டறை அது. பத்துப் பேருக்குக் குறைவாய் இருப்பதால் இ.எஸ்.ஐ. அவருக்கு எட்டாது. அவருக்குப் பின்னால் ஓர் ஆட்டோ டிரைவர். காப்பீட்டு அட்டைக்குரிய வருமான வரம்பைவிட அவர் சம்பாத்தியம் சற்றுக் கூடுதல். ஆகவே அவருக்கு அட்டையும் இல்லை, கம்பெனி உதவியும் இல்லை.

இந்த ஐவருக்கும் ஒரே நாளில் ஒரே நெஞ்சுவலி வந்தால் என்ன ஆகும்? செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வாசல் ஐவருக்கும் திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே இடமில்லை, அல்லது இயந்திரம் பழுது, அல்லது அவ்வளவு தூரம் தாங்காது என்ற நிலை வந்தால், மூவருக்கு வேறு கதவு திறக்கும். இருவருக்குத் திறக்காது. நெஞ்சுவலி ஐவருக்கும் ஒன்றே. கதவுதான் வேறு. "எல்லாருக்கும் வைத்தியம்" என்று வாதாடுகிறவர்கள் கேட்பதெல்லாம், இந்தக் கதவு ஆளுக்கு ஆள் மாறலாமா என்பதே.

செலவு மறைந்துபோவதில்லை

"இலவச வைத்தியம்" என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. இலவசமான வைத்தியம் உலகத்தில் எங்குமே இல்லை. டாக்டருக்குச் சம்பளம் உண்டு, மருந்துக்கு விலை உண்டு, இரவெல்லாம் எரியும் விளக்குக்குக் கரண்டு பில் உண்டு. யாரோ கொடுத்தாக வேண்டும். ஆகவே "இலவசமா, கட்டணமா?" என்று கேட்பதைவிட, "யார், எப்பொழுது கொடுப்பது?" என்று கேட்பதே சரியான கேள்வி.

பொதுவிலிருந்து கொடுக்காவிட்டால் அந்தச் செலவு எங்கே போகிறது? கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் படகிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவசரத்தில் கிட்டத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் நாள் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும். மூன்றாம் நாள் வலையும் எஞ்சினும் போகும். வாரம் முடிவதற்குள் வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். அடுத்த ஜூனில் மூத்த பெண் கல்லூரிக்குப் போகமாட்டாள். தகப்பன் எழுந்து நடக்கும்போது, தொழில் செய்யப் படகு இராது. செலவு எங்கும் மறையவில்லை. மிகப் பலவீனமான ஒரு வீட்டின்மேல், அது மிகப் பலவீனமாயிருந்த நேரத்தில், மொத்தமாய் இறங்கிவிட்டது.

இது ஏதோ அபூர்வமாய் நடப்பது என்று நினைக்க வேண்டாம். மத்திய சர்க்காரின் சுகாதாரக் கணக்குப்படி, 2013-14-இல் நம் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய்க்கு மேல் நோயாளிகளின் குடும்பங்களே தங்கள் கையிலிருந்து கொடுத்தன. 2021-22-இல் அது நூற்றுக்கு 39 ரூபாயளவாய்க் குறைந்தது. நல்ல மாற்றந்தான். ஆயினும் நூற்றுக்கு 39 என்பது சின்னத் தொகையல்ல. அதில் எத்தனை தாலிச் சங்கிலிகள் அடங்கியிருக்கின்றன என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

நல்ல சமாரியன் உவமையை நாம் நூறு தடவை கேட்டிருக்கிறோம். அவன் காயங்களுக்கு எண்ணெய் வார்த்ததை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் மறுநாள் காலையில் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு காசு எடுத்துக் கொடுத்ததையும், மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாய் வாக்குக் கொடுத்ததையும் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். நம் ஆண்டவர் செலவுக் கணக்கை உவமையிலிருந்து தள்ளிவிடவில்லை. சத்திரக்காரன் சும்மா செய்ய வேண்டுமென்றும் சொல்லவில்லை. அடிபட்டவன் எழுந்து சம்பாதித்துக் கடனை அடைக்கட்டும் என்றும் சொல்லவில்லை. பலமுள்ளவன், பலவீனன் சார்பில் கொடுத்தான். 23-ஆம் அருளப்பர் பாப்பரசரும் 1963-இல் வெளியிட்ட உலக சமாதானத்தைப் பற்றிய சுற்றுமடலில், வைத்தியம் பெறுவதை மனிதனுடைய உரிமைகளுள் ஒன்றாய் வைத்தார். உரிமை என்றால், அதற்கு எதிரே யாரோ ஒருவருக்குக் கடமை இருக்கிறது.

முதல் ஆட்சேபம்: "இலவசம் என்றால் இரண்டாந்தரம்"

ஆசிரியர் சொன்னதை இலேசாய்த் தள்ளிவிடக் கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கூட்டம், காத்திருத்தல், அதட்டல், அழுக்கு ஆகியவற்றை அனுபவித்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் "விலை கூடினால் தரம் கூடும், விலை குறைந்தால் தரம் குறையும்" என்பது வைத்தியத்தில் எப்பொழுதும் உண்மைதானா?

நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் க்ஷயரோகத்துக்கு வைத்தியம் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் 1928-இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை இன்றும் ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளோ லட்சக்கணக்கானோர், படுக்கைகளோ கொஞ்சம். இடம் கிடைத்தவன் பாக்கியவான், கிடைக்காதவன் வீட்டிலேயே இருமி இருமிச் சாகவேண்டியதுதான்.

1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலகச் சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. சென்னையின் ஏழை நோயாளிகள் சுமார் 200 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று. மறு பிரிவு நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. சானடோரியக்காரருக்கு நல்ல போஷாக்கும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அரைவயிற்றுக் கஞ்சியும் வேலையுமே கிடைத்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவாருக்கும் ஏறக்குறைய ஒரேவிதமாய்க் குணமாகியிருந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் அதிக ஆபத்து நேரவில்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபோது உலகம் ஆச்சரியப்பட்டது. படுக்கை கிடைக்காததால் கைவிடப்பட்ட கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அன்று வழி திறந்தது. குறைந்த செலவு வைத்தியம் தரத்தில் குறையவில்லை. நிறையப் பேரைக் காப்பாற்றியதும் அதுவே.

இன்னும் கிட்டத்தில், செங்கற்பட்டையடுத்த திருமணியைப் பாருங்கள். உறவினரே தொடாத குஷ்டரோகிகளுக்காக ஏற்பட்ட லேடி வில்லிங்டன் வைத்தியசாலை இருந்த இடம் அது. டாக்டர் காக்ரேன் 1940-களில் அங்கே ஸல்போன் மருந்தைப் பரீட்சித்துப் பார்த்தார். அதற்கு முன் சோல்முக்ரா எண்ணெய் ஊசியே கதியாயிருந்தது. 1955-இல் மத்திய சர்க்கார் அதை ஏற்று, குஷ்டரோகப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. பின்னாளில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையோ, 1995 முதல் உலகெங்கும் நோயாளிகளுக்கு விலையின்றியே கொடுக்கப்படுகிறது. இந்நோய்க்கு அதைவிட உயர்ந்த மருந்தை எந்தப் பணக்காரனும் எந்த ஊரிலும் வாங்க முடியாது. பிச்சைக்காரனுக்குக் கிடைப்பதும் கோடீசுவரனுக்குக் கிடைப்பதும் ஒரே மாத்திரை.

மூன்றாவதாக, மாத்திரை வாங்கும் விதம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ராஜ்ய சர்க்கார் ஏற்படுத்தியது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனித்தனியே வாங்குவதற்குப் பதில், ராஜ்யம் முழுவதற்கும் தேவையான மருந்தை டெண்டர் விட்டு மொத்தமாய் வாங்கி, மாதிரிகளை எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, தேறியதையே விநியோகிக்கிறது. மொத்தமாய் வாங்குவதால் விலை குறைந்தது. சோதித்து வாங்குவதால் தரமும் காக்கப்படுகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துப் பின்பற்றின. நம் வீட்டுப் பெரியவர்கள் வாங்கிவரும் இரத்த அழுத்த மாத்திரை இவ்வழியாய் வந்ததே.

ஆகவே, பொதுச்செலவு என்றால் இரண்டாந்தரமாகவே இருக்கவேண்டுமென்று கட்டாயம் ஒன்றுமில்லை. சில சமயம் அப்படி ஆகிவிடுகிறது என்பது வேறு. அது ஏன் ஆகிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

இரண்டாம் ஆட்சேபம்: "நாடு தாங்காது"

இதுவும் நேர்மையான ஆட்சேபமே. 1943-இல் ஸர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டு, 1946-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் தக்க வைத்தியத்தை இழக்கக்கூடாது என்பது அதன் அஸ்திவாரம். ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. அக்கமிட்டியில் அங்கம் வகித்தவர் நம் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். பிறகு 1959-இல் அவர் தலைமையிலேயே மற்றொரு கமிட்டி ஏற்பட்டது. பதிமூன்று ஆண்டு அனுபவத்துக்குப்பின் அது சொன்ன புத்திமதி வேறுவிதமாயிருந்தது. புதிது புதிதாய்த் திறந்துகொண்டே போவதற்குமுன், இருக்கும் நிலையங்களுக்கு டாக்டரும் மருந்தும் கட்டடமும் கொடுத்துத் திடப்படுத்துங்கள் என்றது.

ஆசிரியரும் படகுக்காரரும் வராந்தாவில் பேசியதைத்தான் இவ்விரு கமிட்டிகளும் பேசின. ஒன்று "கதவைத் திற" என்றது, மற்றொன்று "உள்ளே ஒழுங்காயிருக்கட்டும்" என்றது. ஒரே மனிதர் இரண்டிலும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிற நாடுகளும் சுலபமாய் இதைச் சாதித்துவிடவில்லை. இங்கிலாந்து 1948 ஜூலை 5-ஆம் தேதி எல்லாருக்கும் விலையில்லா வைத்தியம் தொடங்கியது. செலவு எதிர்பார்த்ததைவிட ஏறியது. மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வைக்கும் பேச்சு வந்தபோது, திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரி பெவன் 1951-இல் ராஜினாமாச் செய்தார். இன்றும் அங்கே காத்திருக்கும் பட்டியல் நீளம் என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். ஆயினும் திட்டத்தைக் கைவிட அந்நாடு சம்மதிக்கவில்லை. "அது பணக்கார நாடு" என்பீர்களானால், பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். நம்மைப்போல் எளிய நாடாயிருந்தபோதே, 1951-இல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை நீக்கிற்று. பிரசவத்தில் தாய்மார் இறப்பதைக் குறைப்பதில் அத்தீவு பல காலம் நமக்கு முன்னால் நடந்தது.

நம் ராஜ்யமும் சும்மா இருக்கவில்லை. 2009-இல் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாயிற்று. வருமான வரம்பு பின்னர் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெரிய சிகிச்சைகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் இத்தகைய காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கே. தினம் சாப்பிடவேண்டிய சர்க்கரை மாத்திரையை அது வாங்கித் தராது. மாத்திரை சாப்பிடாத சர்க்கரை நோயாளி சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு அதே காப்பீட்டுக்கு வருவார். பத்து ரூபாயை மிச்சப்படுத்தி லட்சத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் ஏற்பாடாய் வந்ததற்குக் காரணம் இதுதான். நாடு தாங்காது என்று அஞ்சுகிறவர்கள், முதலில் சின்ன வைத்தியத்தைக் கேட்க வேண்டும். அதுதான் மலிவானது.

மூன்றாம் ஆட்சேபம்: "கொடுக்கக்கூடியவனுக்கு ஏன் சும்மா கொடுப்பது?"

இது நியாயமாய்த் தோன்றும். ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையுமல்லவா? ஆனால் ஏழை யார் என்று நிர்ணயிக்க ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அலைய நாட்கள் வேண்டும். அலைந்த நாட்களின் கூலி போகும். வரம்புக்கு ஆயிரம் ரூபாய் மேலே இருக்கும் அந்த ஆட்டோ டிரைவர், ஒரு நோயில் வரம்புக்கு வெகு கீழே விழுவார். விழுந்தபின் அட்டை கிடைக்கும். விழாமல் தடுக்க ஒன்றுமில்லை.

இதற்கு வேறு வழி உண்டென்று நம் ஜில்லாவே காட்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. தொடக்கத்தில் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். அடிபட்டவர் ஏழையா பணக்காரரா, இந்த ராஜ்யத்தவரா வெளியூராரா என்ற கேள்வி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வந்தவரும் சைக்கிளில் வந்தவரும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள். இரத்தம் ஓடும்போது வருமானச் சான்றிதழ் கேட்பது வெட்கக்கேடு என்று நாம் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். கல்தச்சரின் நெஞ்சுக்குள் மெள்ள மெள்ளப் படியும் தூசிக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? வெளியே தெரியாததாலா?

கொடுக்கக்கூடியவன் கொடுக்கட்டும் என்பது மெய்தான். ஆனால் ஆரோக்கியமாயிருக்கும்போது வரியாய்க் கொடுக்கட்டும். நோயாய்ப் படுத்தபின் பில்லாய்க் கேட்பது, நீரில் மூழ்குகிறவனிடம் கயிற்றுக்கு விலை பேசுவதாகும்.

என் வெட்கம்

இனித் தரத்தைப் பற்றி. இங்கே பிறரைக் குறை சொல்வதற்குமுன் என்னைப் பற்றியே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்குமுன் என்னைத் தெருநாய் கடித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் நல்ல தடுப்பூசி விலையின்றிக் கிடைக்கும் என்று நண்பர் சொல்ல, போனேன். எது என்பது இங்கே வேண்டாம். நர்ஸ் அம்மாள் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பொறுமையாய் ஊசி போட்டு, மறுபடி வரவேண்டிய தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு குறையுமில்லை. மூன்றாவது தடவை போனபோது, எனக்கு முன்னால் ஒரு கிழவி தன் கணவனை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டிக்காகக் காத்திருந்தாள். வண்டி தள்ளுகிறவன் நூறு ரூபாய் கேட்டான். கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினாள். அறுபது ரூபாய்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி தள்ளிப் போனான்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். எனக்குப் பயமில்லை. எனக்கு அக்கறை இல்லை, அதுதான் உண்மை. "இன்னும் ஓர் ஊசி பாக்கி. அதற்குப்பின் இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை" என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. கிழவியோ வேறு காரணத்தால் பேசவில்லை. நாளைக்கும் அவள் அங்கேதான் வரவேண்டும். விலகிப் போகக்கூடியவன் பேசவில்லை. போக்கிடம் இல்லாதவள் பேச முடியவில்லை. அந்த நூறு ரூபாய் வழக்கம் நிலைத்திருப்பது எங்கள் இருவருடைய மௌனத்தின்மேல்தான். அவளுடைய மௌனத்துக்கு மன்னிப்பு உண்டு. என்னுடையதற்கு?

வாசகர்களே, பொது வைத்தியத்தின் தரம் கெடுவதற்குக் காரணம் அது இலவசமாயிருப்பதுதான் என்று நான் இனிச் சொல்லமாட்டேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரி மதிக்கக்கூடியவர்கள் எல்லாரும் அதைவிட்டு ஒவ்வொருவராய் நழுவிவிடுவதுதான் பெரிய காரணம். நாம் நழுவியபின், "பார்த்தீர்களா, சர்க்கார் ஆஸ்பத்திரி எவ்வளவு மோசம்" என்று நாமே வெளியில் நின்று தீர்ப்புச் சொல்கிறோம். நம் குடும்பத்துக் குழந்தைக்கும் குப்பத்துக் குழந்தைக்கும் ஒரே படுக்கை வரிசை என்றிருந்தால், அந்தக் கூடத்தின் தரை ஒரு வாரத்தில் பளபளக்கும்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியது சில உண்டு.

சர்க்கார் ஆஸ்பத்திரி நன்றாய்ச் செய்யும் வைத்தியத்துக்கு அங்கேயே போங்கள். தடுப்பூசி, பிரசவம், நாய்க்கடி, க்ஷயரோகம், சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில் அடங்கும். போனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். தவறு கண்டால் மரியாதையாய், பெயர் சொல்லி, எழுத்தில் முறையிடுங்கள். நல்லது கண்டால் அதையும் எழுதுங்கள். அறுபது நோயாளிகளை ஒரே ஆளாய்க் கவனிக்கும் நர்ஸின்மேல் கோபத்தைக் கொட்டுவது முறையீடல்ல. அது வேறொரு பலவீனரின்மேல் பாரத்தை இறக்குவதே.

கடையில் பில் இல்லாமல் சரக்கு வாங்கி, "வரி மிச்சம்" என்று சந்தோஷப்படாதீர்கள். மிச்சமானது தள்ளுவண்டியாகவும் எக்ஸ்ரே பிலிமாகவும் இருக்கலாம். வியாபாரம் செய்கிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிப்பார்களாக.

டாக்டர் வேண்டாமென்று சொல்லும் ஊசியையும் ஸ்கேனையும் வற்புறுத்திக் கேட்காதீர்கள். பொதுப் பாத்திரத்திலிருந்து தேவைக்கு மேல் எடுப்பவன், பின்னால் நிற்பவன் பங்கை எடுக்கிறான். அது காசு கொடுக்கும் ஆஸ்பத்திரியானாலும் வீண் செலவே.

கடைசியாக, படித்தவர்கள் படிக்காதவர்களோடு துணைக்குப் போங்கள். காப்பீட்டு அட்டைக்கு எந்தக் காகிதம், எந்த ஜன்னல், எந்த நாள் என்று தெரியாமல் செங்கற்பட்டுக்கு மூன்று தடவை பஸ்ஸுக்குச் செலவழித்துத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. பென்ஷன் வாங்கும் ஒருவர் ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஓர் ஆண்டுப் பாதுகாப்புக் கிடைக்கும். கூடவே, அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது நூறு ரூபாய் கேட்கும் கை தானாய்ப் பின்வாங்கும்.

வராந்தாவில் பேசிய இருவரில் யார் சொன்னது சரி என்று நீங்கள் கேட்கலாம். கதவு திறக்கவேண்டும் என்ற படகுக்காரர் சொல் முதலாவது. உள்ளே கவனிப்பு இருக்கவேண்டும் என்ற ஆசிரியர் சொல் இரண்டாவது. இரண்டாவதைச் சொல்கிறவர், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்லக்கூடாது. உள்ளே வந்து சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரைக் கண்டால் ஒன்று கேட்கலாமென்று இருக்கிறேன். படகுக்காரரின் தாயாருக்குக் கண்ணில் புரை. இந்த வாரம் செங்கற்பட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். அவருக்கு அன்று கடலில் தொழில். "சார், நீங்களும் நானும் கூடப் போய்விட்டு வரலாமா?"